பத்தொன்பது பொட்டலங்கள், ஒரு முயல்

10 மார்ச் 2003, திங்கள். ராயபுரம்.

கடிதம் எழுதுவதற்கு முன் குறைகளைத் தேதிவாரியாக இங்கே வரிசைப்படுத்திக்கொள்கிறேன். கோபத்தில் எழுதும் கடிதத்தில் தேதி தவறும். தேதி தவறிய கடிதத்தை எந்த அலுவலகமும் மேற்கொண்டு படிப்பதில்லை.

1. 6 ஜனவரி 2003: எண்ணூர் நிலக்கரி முனையத்தார் மேற்கு வாயிலை முன்னறிவிப்பின்றிப் பூட்டினர். மே 31 வரை செல்லத்தக்க என் அனுமதிக் கடிதத்தைக் காவலர் நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே செருகி அனுப்பினார்.

2. 27 ஜனவரி: முனையம் எழுப்பிவரும் சுற்றுச்சுவரின் அடியில் முயல் நுழைந்து போகும்படி ஓரடி அகலமுள்ள சிமெண்டுக் குழாய்கள் பத்துப் பதிக்க வேண்டுமென்று எழுதினேன். பதில் இல்லை.

3. 24 பிப்ரவரி: நினைவூட்டல். பதில் இல்லை.

4. 3 மார்ச்: பல்கலைக்கழக மரபணு ஆய்வகத்தின் அறிக்கை. சுவருக்கு உட்புறத்திலிருந்து நான் அனுப்பிய முயல் புழுக்கைப் பொட்டலங்கள் பத்தொன்பதும் ஒரே பெண் முயலுடையவை என்கிறது. பத்தொன்பது வெவ்வேறு இடங்கள், ஐந்து வாரங்கள், ஒரு முயல்! மாதிரிகளைக் கலந்துவிட்டார்கள். வேறு விளக்கம் இருக்க முடியாது.

5. 7 மார்ச்: முனையத் திட்டத்தைப் பரிசீலிக்கும் ஆய்வுக் குழு நான் இல்லாமலே கூடியது. கூட்டம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அழைப்பு ஃபேக்ஸில் வந்தது. முடிவு: “உள்ளே இருப்பது ஒரு விலங்கு. அதன் பொருட்டுக் குழாய்கள் தேவையற்றவை.”

6. அதே கூட்டக் குறிப்பில் என்னை “முயல் ஆர்வலர் ஒருவர்” என்று குறித்திருக்கிறார்கள். இருபத்தேழு ஆண்டுகளாகக் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன்.

இவ்வளவுதான். ஐந்தாம் குறைக்கு வேர் நான்காம் குறை. சுவரின் கடைசித் துண்டுக்குக் காங்கிரீட் போடுவதற்குள் அதைப் பிடுங்கியாக வேண்டும். குழாயைச் சென்ட்ரிங் பலகை அடிக்கும்போதே வைக்க வேண்டும். சுவர் இறுகிய பிறகு யாரும் முயலுக்காக உளி எடுக்கப்போவதில்லை.

11 மார்ச், செவ்வாய்

மனைவி ஃப்ளோரா நேற்றைய பக்கத்தைப் படித்துவிட்டாள். “நீங்க கத்தினாக்கூடத் தேவலை. நம்பர் போட்டு எழுதுறப்பதான் எனக்கு பயமா இருக்கு” என்றாள்.

12 மார்ச், புதன்

ஆய்வகத்துக்குத் தொலைபேசினேன். அறிக்கையில் கையெழுத்திட்டவள் முனைவர் தேவகிருபை. 1989இல் என் வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்.

“சார், மூணு தடவை பண்ணிப் பார்த்தேன். மூணு தடவையும் அதேதான் வருது.”

“தவறான மாதிரியை மூன்று முறை சரியாகச் சோதித்திருக்கிறாய்.”

“வெளியில எடுத்த முப்பத்தோரு பொட்டலத்துல பதினாலு முயல் தனித்தனியா வந்துச்சே சார். அதே மெஷின். அதே கை.”

அது உண்மை. வெளிப்புறத்தில், உப்பளத்து ஓரமாக, நவம்பரிலும் டிசம்பரிலும் நானே குனிந்து பொறுக்கியவை அவை. புழுக்கையின் மேல்தோலில் முயலின் குடல் அணுக்கள் ஒட்டியிருக்கும். அவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்து அந்த இழையின் ஒன்பது இடங்களில் ஒப்பிட்டால் எது எந்த முயலுடையது, எது எதற்கு உறவு என்று சொல்லிவிடலாம். முயலைத் தொடவே வேண்டாம். ஜனவரியில் இதையே சுவரின் உட்புறத்தில் செய்து, இருபுறமும் ஒரே கூட்டம்தான், ஒன்றோடொன்று கலந்தே வாழ்கிறது என்று நிறுவுவது என் திட்டம். பிரித்தால் உள்ளே அகப்பட்டவை தமக்குள்ளேயே கூடிக்கூடிச் சில தலைமுறைகளில் நலிந்து ஒழியும்.

“அப்படியானால் உள்ளே ஒரே முயல் பத்தொன்பது இடங்களில் ஊர்வலம் போயிருக்கிறதா?” என்றேன்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நான் நன்றி சொல்லும் விதத்தை அவள் அறிவாள்.

13 மார்ச், வியாழன்

ஆய்வகத்தின் கவனக்குறைவு பற்றிப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு பக்கப் புகார். பதிவுத் தபால்.

16 மார்ச், ஞாயிறு

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. பூசையில் என் மனம் பீடத்தின்மேல் இல்லை. பதிவாளரின் மேசைமேல் இருந்தது.

18 மார்ச், செவ்வாய்

எண்ணூர் போனேன். சுவர் ஏறத்தாழ முடிந்துவிட்டது. மழைநீர் வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் மட்டும் நாற்பதடி திறந்து கிடக்கிறது. அங்கே தகர வேலி அடித்துக் காவல் போட்டிருக்கிறார்கள். முயல்களின் பழைய தடமும் அந்த வாய்க்கால் கரைதான்.

காவலர் அலி அக்பர், ஜனவரியில் என் கடிதத்தை மடித்துத் தந்த அதே மனிதர், என்னைக் கண்டதும் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டார்.

“குந்துங்க சார். உள்ள மட்டும் வுடச் சொல்லாதீங்க, பேஜாராயிடும்.”

“இந்த நாற்பதடியை எப்போது மூடுகிறார்கள்?”

“வாய்க்காலுக்கு மதகு டிசைன் மாத்திக்கினு கீறாங்களாம். மே ஒண்ணாந்தேதி லீவு. அத்த தாண்டித்தான் காங்கிரீட்டு.”

“உள்ளே முயல் பார்த்திருக்கிறீர்களா?”

“முன்னெல்லாம் இருந்துச்சி சார். சாயங்காலத்துல இந்தாண்ட அந்தாண்ட ஓடும். இப்ப நாயிதான் ஓடுது.” பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “அன்னிக்கு லெட்டர மடிச்சது மன்சுல வச்சிக்காதீங்க. மேல சாம்பல் பறந்துகினு இருந்துச்சா, அழுக்காயிடுமேன்னுதான் மடிச்சேன்” என்றார்.

முதல் குறையின் பின்பாதியை அடித்துவிடலாம். முன்பாதி நிற்கிறது.

21 மார்ச், வெள்ளி

தேவகிருபை நேரில் வந்தாள். துறை அறையில், வகுப்பு முடியும்வரை நின்றுகொண்டே காத்திருந்தாளாம்.

“பதிவாளர் ஆபீஸ்லேருந்து மெமோ வந்திருக்கு சார். விளக்கம் கேட்டு.”

“கொடு.”

“கொடுப்பேன். அதுக்கு முன்னாடி உங்களை ஒண்ணு கேக்கணும்.” கொண்டுவந்த தாள்களை விரித்தாள். பத்தொன்பது வரிசை, ஒவ்வொன்றிலும் ஒன்பது இணை எண்கள். ஒரே கையால் ஒரே வாக்கியத்தைப் பத்தொன்பது முறை இம்போசிஷன் எழுதியதுபோல இருந்தது. “இது கலந்துபோனது இல்லை சார். கலந்திருந்தா அழுக்கா வரும், ரெண்டு முயலோட எண்ணும் சேர்ந்து வரும். இது அவ்வளவு சுத்தமா இருக்கு. வெளியில எடுத்ததைவிடச் சுத்தம். போட்ட சூட்டோட எடுத்த மாதிரி. இந்தப் பொட்டலத்தை யார் எடுத்தாங்க?”

“வேம்பு. எண்ணூர்க் குப்பத்து ஆள். ஓடையில் நண்டு பிடிப்பவன். அந்தப் புதர்க்காட்டை அவனைப்போல் அறிந்தவர் எவரும் இல்லை.”

“ஜனவரி ஆறாம் தேதியே கேட்டைப் பூட்டிட்டாங்கன்னு நீங்கதான் புகார்ல எழுதியிருக்கீங்க. அப்புறம் அவர் எப்படி உள்ள போனார்?”

ஓடை வழியாகப் படகில் போயிருப்பான் என்றேன். சொல்லும்போதே தெரிந்தது: அது நான் எண்ணிக்கொண்டது. கேட்டறிந்தது அல்ல.

23 மார்ச், ஞாயிறு

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுத வேண்டும்.

பூசை முடிந்து நேராக எண்ணூர். வேம்புவின் வீடு ஓடையை ஒட்டி, அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களுக்கு இப்பால். அவன் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். மனைவி சிவந்தி மீன் அரிந்துகொண்டிருந்தாள். சுவரோரம் பெரிய நண்டுக் கூடை கவிழ்த்து, மேலே செங்கல் வைத்திருந்தது. கூடையின் இடுக்கில் முருங்கைக் கீரைக் காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.

நண்டு முருங்கைக் கீரை தின்னாது.

“அது என்ன?”

“மொசலு சார்” என்றான். ஒளிவு இல்லை, தயக்கம் இல்லை. “கேட்டு பூட்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடிலேர்ந்து கீது. உள்ள ஜேசிபி முள்ள வாரச் சொல்லோ ஓடியாந்து என் கால்ல முட்டிச்சி. வுட்டா நாயி தூக்கினு பூடும். லுங்கில சுத்தி எடுத்தாந்துட்டேன்.”

“பொட்டலங்கள்?”

“இதுதான் சார் போடுது! பச்சையா, ஈரமா இருந்தாத்தான் எடுத்துப்பேன்னு நீங்கதான அச்சடிச்சி குடுத்தீங்க? டெய்லி காலைல சூடா அள்ளிடுவேன்.”

“படிவத்தில் பத்தொன்பது இடங்களை எழுதியிருக்கிறாய், வேம்பு.”

“அல்லாம் அது மேஞ்ச எடம் சார். நான் கண்ணால பாத்துக்கீறேன். பொய் எழுதல. உள்ள பொறந்த மொசலு, உள்ள மேஞ்ச மொசலு, அது எங்க போட்டா இன்னா? உள்ள போட்ட மாதிரிதான?”

ஆய்வகம் பத்தொன்பதும் ஒரே முயல் என்று கண்டுபிடித்துவிட்டதைச் சொன்னேன். வேம்பு வலையைக் கீழே போட்டான்.

“வெறும் புழுக்கைய வச்சியா? ஒரே மொசலுன்னா? பொட்டைன்னுமா?” அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. “கில்லாடிங்க சார்! சிவந்தி, கேட்டியா? எங்கியோ கிண்டிலேர்ந்து நம்ம வூட்டு மொசல கண்டுபுடிச்சிட்டாங்க!”

அந்த அறிக்கையைப் படித்து மகிழ்ந்த முதல் மனிதன் அவன்தான்.

சிவந்தி சிரிக்கவில்லை. அரிவாள்மனையிலிருந்து எழாமலே சொன்னாள்: “நான் அப்பவே தலதலையா அடிச்சிக்கினேன், வாத்தியாராண்ட ஒரு வார்த்த கேட்டுக்கய்யான்னு. போகிக்கு மொத நாளு, கேட்டு பூட்டிக்கீது, ஓட வழியாக்கூட உள்ள போவ முடியலன்னு சொல்லத்தான் உங்க வூட்டாண்ட வந்தாரு. வெறுங்கையோட போனா சாரு இன்னா சொல்லுவாரோன்னு வழியெல்லாம் பேசிக்கினே போனாரு. நீங்க வாயத் தொறக்கவே வுடலியாமே.”

நினைவிருக்கிறது. ஜனவரி 13. வாசற்படியில் நின்றான். “சார், அங்க இன்னான்னா...” என்று ஆரம்பித்தான். “காரணம் வேண்டாம், பொட்டலம் வேண்டும்” என்றேன். அந்த வாக்கியம் நன்றாக அமைந்ததாக அன்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அவன் பொட்டலம் கொண்டுவந்தான்.

புறப்படும்போது கூடையைத் தூக்கிக் காட்டினான். பிடரியில் அந்தக் கரும்பட்டை, மினுமினுப்பு, விரைத்த காது. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு, பாதி அளவில்.

“மாசி மொதல்ல போட்டுச்சி சார். போட்ட அன்னிக்கே கண்ணு தொறந்து முழிக்கிதுங்க” என்றான்.

24 மார்ச், திங்கள்

கல்லூரிக்கு விடுப்பு. எதுவும் எழுத முடியவில்லை.

26 மார்ச், புதன்

இரண்டு நாளாக ஒரு வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன்: “உட்புற மாதிரிகள் ஐயத்துக்குரியவையாதலால் அவற்றைக் கணக்கில் கொள்ளலாகாது.” இலக்கணம் சரி. ஒரு சொல்லும் பொய் இல்லை. ஐயம் யார்மேல் விழும் என்பதை மட்டும் அது சொல்லாது. மெமோ பெற்றவள்மேல் விழும்.

நான் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? வேம்புவுக்குத் தெரியும். அவன் அதில் தவறே இருப்பதாக நினைக்கவில்லை. யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். அப்படியானால் நான் யாருக்கு அஞ்சி இந்த வாக்கியத்தைச் செதுக்குகிறேன்?

மாலையில் ஆய்வகத்துக்குத் தொலைபேசி, நண்டுக் கூடையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியவில்லை. அவமதிக்கப்பட்டவளுக்கு இரண்டுக்கும் உரிமை உண்டு.

பிறகு, “சார், குட்டி என்னைக்குப் போட்டுதாம்?” என்றாள்.

“பிப்ரவரி நடுவில்.”

“முயலுக்குச் சினைக்காலம் ஆறு வாரம்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். பிப்ரவரி நடுவிலிருந்து ஆறு வாரம் பின்னே போனால் ஜனவரியின் முதல் இரண்டு மூன்று நாள். அது பிடிபடுமுன் உள்ளேயே இணைந்திருக்கிறது. தாயின் எண்கள் பத்தொன்பது முறை எழுதப்பட்டுக் கையில் இருக்கின்றன. குட்டியின் எண்களிலிருந்து தாயுடையதைக் கழித்தால் மிஞ்சுவது தகப்பனுடையது. அந்தத் தகப்பன் வெளிப்புறத்துப் பதினான்கில் ஒன்றாக இருந்தால்?

இல்லாமலும் போகலாம். எழுதி வைக்கிறேன்: இல்லாமலும் போகலாம்.

29 மார்ச், சனி

தேவகிருபையும் நானும் எண்ணூர் போனோம். குட்டி ஒவ்வொன்றிலும் ஐந்தாறு மயிர், வேரோடு. வேம்பு குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். அவள் இடுக்கியால் பிடுங்கினாள்.

“வலிக்குமா மேடம்?”

“உங்களுக்கா, அதுக்கா?”

“எனக்குத்தான். நகத்தால கீறுதே!”

சிவந்தி எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுத் தேவகிருபையிடம் கேட்டாள்: “இதுங்கப்பன் யாருன்னு சொல்லிடுவியாம்மே? நம்ம தெருவுல நாலு பேரு கீறாங்க, இட்டுக்கினு வரட்டா?”

பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தேன். வீடு திரும்பும்வரை யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

3 ஏப்ரல், வியாழன்

தகவல் இல்லை. அலி அக்பர் சொல்வது: மதகு டிசைன் வந்துவிட்டது. கம்பி கட்டுகிறார்கள்.

8 ஏப்ரல், செவ்வாய்

ஒரு குட்டியின் மயிரில் டி.என்.ஏ. போதவில்லை. மற்றொன்றில் ஒன்பது இடமும் கிடைத்ததாம். ஒப்பீடு மட்டும் பாக்கி.

14 ஏப்ரல், திங்கள்

காலை ஒன்பதரை. தேவகிருபை, தொலைபேசியில்: “வெளிப்புறம், ஏழாம் எண் ஆண். ஒன்பது இடத்திலயும் பொருந்துது சார். மத்த ஆண் எதுவும் நாலுக்கு மேல தாண்டல.”

என் நோட்டைப் புரட்டினேன். ஏழாம் எண்: 1 டிசம்பர் 2002, ஞாயிறு, உப்பளத்து வரப்பு, சுவர்க்கோட்டுக்கு முந்நூறு அடி மேற்கே. அன்று காலை அந்தப் புழுக்கையை ஃபிலிம் டப்பாவில் இட்டு, கை கழுவ நீரின்றி நின்றது நினைவிருக்கிறது.

அவன் வாய்க்கால் வழியே உள்ளே போய் வந்திருக்கிறான். இருபுறமும் ஒரே கூட்டம். நான் நிறுவ நினைத்ததை என் திட்டம் நிறுவவில்லை. ஒரு நண்டுக் கூடை நிறுவியது.

16 ஏப்ரல், புதன்

ஃப்ளோரா கேட்டாள்: “உண்மைய எழுதினா வேம்புவை வனத்துறை சும்மா விடுமா? காட்டு முயலை வீட்டுல வச்சா கேசு இல்லையா?”

கேசுதான். அவனைக் கேட்டபோது, “நீங்க எழுதுங்க சார், நான் ஓடைல எறங்கி பூட்றேன், எவன் வந்து புடிப்பான்?” என்கிறான். சிவந்தி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பகடி இல்லை.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிடும் வரிசை கோயிலுக்கு வெளியே தெருவரை நீண்டிருந்தது. நின்றுகொண்டிருக்கையில் கடிதத்தின் முதல் வரி கிடைத்தது. மார்ச் 10 அன்று எழுதிய பட்டியலில் இல்லாத வரி.

21 ஏப்ரல், திங்கள்

இன்று பதிவுத் தபாலில் சேர்த்தேன். ஆய்வுக் குழுத் தலைவருக்கு. பார்வைக்குப் பதிவாளர், முனைய நிர்வாகம், வனத்துறை. நகல்:

ஐயா,

1. 13 ஜனவரி 2003: வாயில் பூட்டிய பின் உள்ளே போக வழியே இல்லை என்று சொல்ல வந்த என் களப்பணியாளரை நான் பேச விடவில்லை. பின்வரும் பிழைகள் அனைத்தும் இதிலிருந்து பிறந்தவை. இது என் தவறு.

2. 14 ஜனவரி முதல் 17 பிப்ரவரி வரை: உட்புற மாதிரிகள் பத்தொன்பதும், ஜனவரி 4 அன்று உள்ளே இயந்திரத்துக்குத் தப்பி ஓடிவந்த ஒரே பெண் முயலுடையவை. 3 மார்ச் தேதியிட்ட ஆய்வக அறிக்கை முற்றிலும் சரி.

3. 13 மார்ச்: முனைவர் தேவகிருபை மீது நான் அனுப்பிய புகார் ஆதாரமற்றது. அதைத் திரும்பப் பெற்று வருத்தம் தெரிவிக்கிறேன்.

4. அம்முயல் அனுமதியின்றிக் கூண்டில் இருந்தது என் ஆய்வின் பொருட்டு. ஆய்வின் பொறுப்பாளன் நான். நடவடிக்கை என் மீது எடுக்கப்பட வேண்டும்.

5. அது ஈன்ற குட்டியின் தந்தை, சுவருக்கு வெளியே நான் மாதிரி எடுத்த ஏழாம் எண் ஆண் முயல் (அறிக்கை இணைப்பில்). தாய் பிடிபட்ட இடத்துக்குக் களப்பணியாளரின் சொல்லைத் தவிர வேறு சான்று என்னிடம் இல்லை. அச்சொல்லை நான் நம்புகிறேன்.

6. 7 மார்ச்: உள்ளே ஒரே விலங்கு என்று குழு முடிவு செய்தது என் பிழையான மாதிரிகளைக் கொண்டு. மாதிரிகள் விழுந்தபின் அந்த முடிவும் நிற்காது.

7. கூட்டக் குறிப்பில் என்னை “முயல் ஆர்வலர்” என்று குறித்திருக்கிறீர்கள். அதை ஆட்சேபிக்கவில்லை.

தாயும் இரு குட்டிகளும் நலமாக உள்ளன. அவற்றை உடனே விடுவிக்க வேண்டும். சுவரின் எந்தப் பக்கம் விடுவது என்பதைக் குழுவே தெரிவிக்கட்டும். உள்ளே என்றால், தந்தை வந்துசேர வழி எது என்பதையும், வெளியே என்றால், உள்ளே மிஞ்சியவை எத்தனை என்று எப்போது யார் எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துத் தெரிவிக்கவும்.

மே முதல் தேதிக்குப் பிறகு வாய்க்காலின் நாற்பதடிக்குக் காங்கிரீட் போடவிருப்பதாக அறிகிறேன். எனவே மேற்கண்டவற்றுக்கான பதில் 30 ஏப்ரல் 2003, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள், எழுத்து மூலமாக, கையொப்பத்துடன் எனக்குக் கிடைக்க வேண்டும்.